பள்ளி மேடைக்கு எந்த இசை நாடகம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இசை ஆசிரியை. இந்த ஆண்டு முதல்முறையாக முழுநீள இசை நாடகம் போடச் சொல்லியிருக்கிறார்கள். பெயர் கொடுத்தவர்கள் 42 பேர், அதில் பையன்கள் ஆறு பேர்தான். எல்லோருக்கும் தெரிந்த பெரிய நாடகமாக இருக்க வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர். பிள்ளைகளோ 'லே மிசராப்' வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: நாடகத்தின் பெயரைக் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். முதலில் அந்த 42 பேரையும் பாட வைத்துக் கேளுங்கள். யார் தனியாக நின்று பாடுவார்கள், யார் நாலு பேரோடு சேர்ந்தால் மட்டும் பாடுவார்கள், யாருக்கு ஆட வரும், யார் வாயைத் திறந்தால் கடைசி வரிசை வரை கேட்கும் என்று எழுதி வையுங்கள். நாடகம் அந்தப் பட்டியலிலிருந்துதான் வர வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் இது தலைகீழாக நடக்கிறது. யாரோ ஒருவருக்குப் பிடித்த நாடகம் முதலில் முடிவாகிவிடும், அப்புறம் அதற்குள் பிள்ளைகளைத் திணிப்பார்கள். நாயகன், நாயகி இரண்டு பேருக்குத் தோதாக ஒன்றை எடுத்துவிட்டு மீதி நாற்பது பேரை ஓரத்தில் நிறுத்தி வைப்பதைப் பள்ளி நாடகம் என்று சொல்லவே கூடாது என்பது என் கட்சி.

'லே மிசராப்' மேல் பிள்ளைகளுக்கு ஆசை வருவது நியாயம்தான். பள்ளிகளுக்கென்றே சுருக்கிய பதிப்பும் அதற்கு இருக்கிறது. ஆனால் கிட்டத்தட்ட முழுக்கப் பாட்டாகவே போகிற நாடகம் அது, வசனம் பேசி மூச்சு வாங்கிக்கொள்ள இடமே கிடையாது. வால்ஜான், ஜாவேர், மாரியூஸ், ஆன்ஜோல்ராஸ், தெனார்தியே என்று கனமான ஆண் வேடங்களே ஐந்து. கூட்டக் காட்சிகளில் பெண்பிள்ளைகளை நிறுத்திச் சமாளித்துவிடலாம், சரி. இந்த ஐந்து பேருக்கு என்ன செய்வீர்கள்? உங்கள் ஆறு பையன்களில் ஐந்து பேர் அசராமல் பாடுகிறவர்களாக இருந்தால் தாராளமாக எடுங்கள். இல்லையென்றால் வேண்டாம், ஏனென்றால் அந்தப் பையன்கள்தான் மேடையில் அவமானப்படுவார்கள். 1969-இல் வந்த '1776' என்றொரு நல்ல இசை நாடகம் உண்டு, மொத்த நாடகத்துக்கும் பெண் பாத்திரம் இரண்டே இரண்டு. உங்களிடம் வந்திருக்கும் 36 பெண்பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால் அதெல்லாம் யோசிக்கவே வேண்டாதது.

உங்கள் கணக்குக்கு அச்சாகப் பொருந்துவது 'தி ஆடம்ஸ் ஃபேமிலி'. சாவையும் இருட்டையும் ரசிக்கிற ஒரு விசித்திரக் குடும்பத்தின் கதை. நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 2010-இல் வந்தது, தலைப்பு எல்லோருக்கும் தெரியும், தலைமையாசிரியருக்கும் மறுப்பு இருக்காது. கோமஸ், ஃபெஸ்டர், பக்ஸ்லி, லர்ச், லூகாஸ், அவன் அப்பா என்று ஆண் வேடங்கள் ஆறு. மார்ட்டீஷியா, வென்ஸ்டே, பாட்டி, ஆலிஸ் என்று பெண்களுக்கு நான்கு பெரிய வேடங்கள். ஆனால் நான் இதைச் சொல்வதற்குக் காரணம் கோரஸ், அதாவது கூட்டமாகப் பாடி ஆடுகிற குழு. ஆண்டுக்கொரு முறை கல்லறையிலிருந்து எழுந்து வரும் குடும்பத்து மூதாதையர்தான் இதில் கோரஸ். திரும்பிப் போக விடாமல் அவர்களை ஃபெஸ்டர் மடக்கிப் பிடித்துவிடுகிறான், அதனால் கதை முடியும்வரை மேடையைச் சுற்றியே இருக்கிறார்கள். ஒவ்வொரு மூதாதையும் வேறு வேறு காலத்தில் செத்தவர்கள். ஒருத்தி மணப்பெண், ஒருத்தி போர்வீரன், ஒருத்தி கற்காலத்துக் குகைப் பெண் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி உடை, தனி நடை, தான் எப்படிச் செத்தோம் என்று தானே எழுதிக்கொள்ளும் கதை எல்லாம் கொடுக்கலாம். பத்துப் பேரும் இருக்கலாம், முப்பது பேரும் இருக்கலாம். பேசாத வேடத்துக்குக்கூட ஒரு முகம் கிடைக்கிறது பாருங்கள், அது அபூர்வம். ஒரே நிபந்தனை, கோமஸ் வேடத்துக்குப் பாட்டு நிறைய. அதைத் தாங்க ஒரு பையன் இருக்கிறானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் முடிவு சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஸ்கிரிப்டைப் பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். குறுக்கே காட்சிகளும் நெடுக்கே பாத்திரங்களும் போட்டு ஒரு கட்டம் வரைந்து, யார் எந்தக் காட்சியில் மேடையில் இருக்கிறார்கள் என்று நிரப்பிக்கொண்டே வாருங்கள். கோரஸ் வரிசையில் ஆரம்பப் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவே ஆறேழு கட்டம் காலியாகக் கிடந்தால், அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு ஒத்திகையிலும் மூலையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம் நேரம். வாரம் நான்கு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், பத்து வாரம் என்றால் 80 மணி நேரம் கிடைக்கும். கேட்பதற்கு நிறைய மாதிரி இருக்கும். நாடகத்தில் 20 பாட்டு, ஒரு பாட்டைப் பாடக் கற்றுக்கொடுக்க ஒரு மணி நேரம், மேடை அசைவுக்கு ஒன்று, மறந்துபோனதைத் திருப்ப ஒன்று என்று போட்டால் 60 மணி நேரம் அதிலேயே போய்விடும். மிச்சம் இருக்கும் 20-இல்தான் வசனம், உடை, விளக்கு, முழு ஒத்திகை எல்லாம். பரீட்சை, விடுமுறை வேறு நடுவில் வரும். இந்தக் கணக்கைத் தலைமையாசிரியரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், 'பெரிய நாடகம்' பற்றிப் பேசுவது சுலபமாகிவிடும்.

கேள்வி: நாயகன் வேடத்துக்கு எங்களுக்குக் கிடைத்திருப்பவன் நன்றாக நடிக்கிற 14 வயதுப் பையன். போன மாதம் எட்டிய சுருதியை இந்த மாதம் எட்டவில்லை. நாடகம் இன்னும் முடிவாகவில்லை. அவனை வைத்துத் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: மகரக்கட்டு, அதாவது பருவ வயதில் குரல் உடைவது. அந்தக் காலத்தில் பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுக்களில் ராஜபார்ட் (நாயக வேடம்) போட்ட பையன்களின் பிழைப்பையே புரட்டிப்போட்ட சமாச்சாரம். குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீள்கின்றன, கனக்கின்றன. இன்றைக்கு எட்டும் ஸ்வரம் மேடையேறும் நாளில் எட்டும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அவனுக்கு நடிப்பு வருகிறது என்றால் பேச்சு அதிகமும் பாட்டு குறைவுமாக இருக்கும் வேடம் உள்ள நாடகமாகப் பாருங்கள், நாயகனாக்கியே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

பொதுவாக எல்லோரும் பார்ப்பது ஒரு பாட்டின் உச்ச ஸ்வரத்தை. அதைவிட முக்கியம் பாட்டு பெரும்பாலும் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. உச்சத்தை ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டு இறங்கும் பாட்டைப் பல பிள்ளைகள் பாடிவிடுவார்கள், ஆனால் மூன்று நிமிடமும் மேல் ஸ்தாயிக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும் பாட்டு இரண்டாவது நாளே தொண்டையைக் கட்டிவிடும். அதனால் தேர்வு வைக்கும்போது அந்த வேடத்தின் மிகக் கடினமான எட்டு வரிகளை எடுத்து, இடைவெளி விடாமல் மூன்று தடவை பாடச் சொல்லுங்கள். ஆட்டம் உண்டு என்றால் ஆடி முடித்த மூச்சிரைப்போடு பாடச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை என்ன கேட்கிறதோ அதுதான் மேடையில் கேட்கப்போவது. கத்திப் பாடிச் சமாளிக்கிற பிள்ளையை "பலே" என்று தட்டிக்கொடுக்காதீர்கள், அந்தக் குரல் வளர்ந்துகொண்டிருக்கும் உறுப்பு. பெண்பிள்ளைகளுக்கும் இந்த வயதில் குரல் மாறும், காற்று கலந்து மெலிந்து வரும், வெளியே அவ்வளவாகத் தெரியாது என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

சுருதியை இறக்கிக்கொண்டால் போயிற்று என்று தோன்றலாம். பியானோவில் சுலபம்தான். ஆனால் உரிமம் வாங்கிப் போடும் நாடகத்தில் அதற்கும் அனுமதி கேட்க வேண்டும். சில உரிம நிறுவனங்கள் சுருதி மாற்றிய பிரதியைத் தனியாகவே தருகின்றன, கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஒரு பழைய மியூசிக்கலின் ஸ்கிரிப்ட் இணையத்தில் கிடைத்தது. டிக்கெட் வைக்கப் போவதில்லை, பெற்றோர் மட்டும்தான் பார்ப்பார்கள். இரண்டு பாட்டை வெட்டிவிட்டு, நாயகனைப் பெண்ணாக மாற்றி, வீடியோ எடுத்து யூடியூபில் போடலாம் என்று இருக்கிறோம். இதற்கெல்லாமா அனுமதி?

பதில்: எல்லாவற்றுக்கும்தான். வெட்டுவது, பாத்திரத்தின் பாலினத்தை மாற்றுவது, வீடியோ எடுப்பது, அதை இணையத்தில் போடுவது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். டிக்கெட் இல்லாத நிகழ்ச்சி என்றாலும் பார்வையாளரைக் கூட்டிவைத்து மேடையேற்றினால் பொதுவாக உரிமம் வேண்டும், பெற்றோர் மட்டும் பார்க்கும் பள்ளி நிகழ்ச்சிக்கு இந்தியா மாதிரி சில நாடுகளின் சட்டம் விலக்குத் தருகிறது.

நடைமுறை இதுதான். பெரும்பாலான பிராட்வே நாடகங்களின் உரிமம் மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல், கான்கார்ட் தியேட்ரிக்கல்ஸ் மாதிரி சில நிறுவனங்களிடம் இருக்கிறது. முதலாவது 1952-இல் தொடங்கியது. மண்டபத்தில் எத்தனை இருக்கை, டிக்கெட் என்ன விலை, எத்தனை காட்சி என்று கேட்டு, அதை வைத்துக் கட்டணம் சொல்வார்கள். ஸ்கிரிப்டும் ஸ்வரப் பிரதிகளும் பல நாடகங்களுக்கு வாடகைக்குத்தான் வரும். பென்சிலில்தான் குறிக்கலாம், திருப்பி அனுப்புமுன் அழித்துவிட வேண்டும். உங்கள் வட்டாரத்தில் தொழில்முறைக் குழு அதே நாடகத்தைப் போடப்போகிறது என்றால் பள்ளிக்கு உரிமம் மறுக்கப்படுவதும் உண்டு. ஆகவே எழுத்தில் அனுமதி கைக்கு வருகிறவரை பிள்ளைகளிடம் நாடகத்தின் பெயரைச் சொல்லவே சொல்லாதீர்கள். சொல்லிவிட்டு மாற்றினால் அந்த ஏமாற்றம் ஆறுவதற்கே ஒரு மாதம் ஆகும்.

கட்டணம் கட்ட முடியாது என்றால் காப்புரிமைக் காலம் முடிந்தவற்றைப் பாருங்கள். கில்பர்ட்டும் சல்லிவனும் சேர்ந்து உருவாக்கிய 'தி பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' 1879-இல் மேடையேறியது, சல்லிவன் 1900-லும் கில்பர்ட் 1911-லும் மறைந்துவிட்டார்கள். சிரிக்கச் சிரிக்கப் போகும் கதை. கொள்ளையர் கூட்டம், போலீஸ் கூட்டம், பெண்கள் கூட்டம் என்று கோரஸுக்கு வேலையே வேலை. ஆனால் நாயகி மேபலின் பாட்டு நன்றாகப் பயின்ற மேல் ஸ்தாயிக் குரலைக் கேட்கும், அப்படி ஒரு பெண் இருந்தால் மட்டும் எடுங்கள். இன்னொன்று, இதே நாடகத்தைப் புது இசையமைப்போடு 1981-இல் பிராட்வேயில் போட்டார்கள், அந்தப் பதிப்புக்குக் காப்புரிமை உண்டு. கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று அட்டையைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு மாணவி. எங்கள் நாடகக் குழு 'ரென்ட்' போட ஆசைப்படுகிறது. "இது பள்ளிக்கு ஏற்றதா" என்று பெற்றோர் சங்கத்தில் ஒரே சண்டை. எப்போதும் சின்னப் பிள்ளைக் கதைதான் போட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 16, 17 வயதில் சாவு, வறுமை, நோய் எல்லாம் உங்களுக்குத் தெரியாத விஷயங்கள் இல்லை. அவற்றை மேடையில் தொட்டுப் பார்க்கத் துடிப்பது நல்ல குணம் என்றே சொல்வேன். 'ரென்ட்' நாடகத்துக்கும், கொலைகார நாவிதனின் கதையான 'ஸ்வீனி டாட்' நாடகத்துக்கும் பள்ளிப் பதிப்பு உண்டு. 'ரென்ட்' பள்ளிப் பதிப்பில் ஒரு பாட்டை எடுத்துவிட்டு, கொச்சை வார்த்தைகளைக் குறைத்திருக்கிறார்கள். எய்ட்ஸ் நோய், போதை, தன்பாலின உறவு எல்லாம் கதையில் அப்படியேதான் இருக்கின்றன. ஆகவே பெற்றோரிடம் "அதெல்லாம் எடுத்துவிட்டார்கள்" என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள், அது பொய்யாகிவிடும். பள்ளிப் பதிப்பின் வாசிப்புப் பிரதியை வாங்கி, ஒரு சனிக்கிழமை ஆசிரியரும் பெற்றோரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். எதிர்க்கிறவர்களில் பலர் படிக்காமலேயே எதிர்க்கிறார்கள், ஆதரிக்கிறவர்களிலும் பலர் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு ஆதரிக்கிறார்கள். படித்த பிறகும் பெரியவர்கள் வேண்டாம் என்றால், எந்தக் காட்சி என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒரு குறிப்பிட்ட இன மக்களின் கதையாக எழுதப்பட்ட நாடகங்கள் உண்டு. 'ஹேர்ஸ்ப்ரே' 1962-இல் பால்டிமோரில் நடக்கிற கதை, கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒரே தொலைக்காட்சி நடன நிகழ்ச்சியில் சேர்ந்து ஆட விடாத நிறவெறியைப் பற்றியது. அந்த வேடங்களில் உண்மையாக நிற்கக்கூடிய பிள்ளைகள் உங்கள் குழுவில் இல்லை என்றால் அதை எடுக்காதீர்கள். முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு ஆடுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

கேள்வி: எங்கள் பள்ளியில் மொத்தமே ஒன்பது பேர். மண்டபமும் சின்னது. மியூசிக்கல் சாத்தியமா?

பதில்: பேஷாக. 'யூ ஆர் எ குட் மேன், சார்லி பிரவுன்' ஆறு பேருக்கானது, பெரிய அரங்க அமைப்பு தேவையில்லை. 'தி ட்வெண்டி ஃபிஃப்த் ஆனுவல் புட்னம் கவுண்டி ஸ்பெல்லிங் பீ' சரியாக ஒன்பது பேருக்கானது. கதை ஒரு எழுத்துக்கூட்டல் போட்டி, பார்வையாளர் சிலரையும் மேடைக்கு அழைத்து அதில் நிறுத்துவார்கள் என்பதால் பிள்ளைகளுக்குச் சமயோசிதம் வேண்டும். அதில் ஒரு பாட்டு வயதுக்கு மீறியது, படித்துவிட்டு முடிவெடுங்கள்.

'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' கூடச் சின்னக் குழுவுக்கானதுதான், ஆனால் அதில் மனிதரைத் தின்னும் செடி ஒன்று இருக்கிறது. காட்சிக்குக் காட்சி அது வளரும், ஆக நான்கு அளவில் பொம்மை வேண்டும். இரண்டாவது பொம்மையை நாயகன் கையிலேயே வைத்திருப்பான். அவன் சட்டைக் கையில் தெரிவது பொய்க் கை, நிஜக் கை தொட்டிக்குள் நுழைந்து செடியின் வாயை ஆட்டிக்கொண்டிருக்கும். கடைசிப் பொம்மைக்குள் ஒரு பிள்ளை புழுக்கத்தில் உட்கார்ந்து, வெளியே இன்னொருவர் பாடும் ஒவ்வொரு அசைக்கும் பெரிய வாயைத் திறந்து மூட வேண்டும். அதற்கு நல்ல உடல்பலமும் தாளமும் உள்ள ஒருவரை முதலிலேயே தேடிவிட்டு, பொம்மைகளை வாடகைக்கு எடுக்க முடியுமா என்றும் விசாரித்துவிட்டு இறங்குங்கள். செடிக்காக ஒரு பிள்ளை தனியாகப் போய்விடும், மறக்காதீர்கள்.

கேள்வி: என் மகள் மூன்று வருடமாகக் கோரஸில்தான் நிற்கிறாள். நாடகத் தேர்வில் பெற்றோர் ஏதாவது சொல்ல முடியுமா, அல்லது பேசாமல் இருப்பதுதான் நாகரிகமா?

பதில்: "என் மகளுக்கு வேடம் கொடுங்கள்" என்று போய் நிற்காதீர்கள், அது அவளுக்கே தர்மசங்கடம். ஆனால் நாடகம் முடிவாவதற்கு முன்னால் ஆசிரியரைப் பார்த்து, "இந்தத் தடவை கோரஸ் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்ன வேடங்கள் நிறைய இருக்கிற நாடகமாகப் பார்க்க முடியுமா" என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. நான்கு வரி வசனம், ஒரு பாட்டில் இரண்டு வரி தனிக்குரல், இவை போதும் ஒரு பிள்ளைக்கு. நாயகி வேடத்தை இரண்டு பேருக்குப் பிரித்து, வெவ்வேறு காட்சி நாட்களில் ஆட வைக்கும் பள்ளிகளும் உண்டு, அதையும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒத்திகை நேரம் அதற்குத் தகுந்தாற்போல் கூடும் என்பதால் ஆசிரியர் முடியாது என்றால் அதில் நியாயம் இருக்கலாம். மகளிடமும் கேளுங்கள், ஒருவேளை அவளுக்குக் கோரஸே பிடித்திருக்கும். நாலு குரலாகப் பிரித்துப் பாடும்போது நடுக்குரலைப் பிசகாமல் பிடிப்பது நாயகி பாட்டைவிடக் கஷ்டம், அது தெரிந்து செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கேள்வி: வாத்தியக் குழு இல்லை. பதிவு செய்த இசையை ஓடவிட்டுப் பாடலாமா?

பதில்: பல நாடகங்களுக்கு உரிம நிறுவனமே பக்கவாத்தியப் பதிவுகளைத் தருகிறது, பயன்படுத்தலாம். ஆனால் பதிவு யாருக்காகவும் நிற்காது. ஒரு பிள்ளை ஒரு வரி தாமதமாகத் தொடங்கினால் பாட்டு அவளை விட்டுவிட்டுப் போய்விடும், பியானோ என்றால் காத்திருக்கும். நன்றாகப் பியானோ வாசிப்பவர் ஒருவர் கிடைத்தால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், கூட ஒரு டிரம்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. பதிவுதான் வழி என்றால் ஒத்திகையின் முதல் வாரத்திலிருந்தே அதோடு பாடிப் பழக்குங்கள், கடைசி வாரத்தில் கொண்டுவந்தால் வேகம் ஒட்டாது. நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அந்தத் தலைப்புக்குப் பதிவு கிடைக்கிறதா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள், எல்லா நாடகத்துக்கும் கிடைப்பதில்லை.